காய்ச்சல் விட்டது, மிச்சம் விடவில்லை!
டாக்டர் பதில்கள்

ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழைக்கு மார்கழியில் எனக்குக் கடிதம் வரும். வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்குகின்றன: "காய்ச்சல் லேசாகத்தான் வந்தது, வீட்டிலேயே சரியாகிவிட்டது, ஆனால்..." அந்த 'ஆனால்'களுக்காகவே இந்த இதழை ஒதுக்கிவிட்டேன். ஊர்ப் பெயர் போதும், ஆள் பெயர் வேண்டாம்.

"வயது 38. பள்ளி ஆசிரியை. கார்த்திகையில் மூன்று நாள் காய்ச்சல். பாரசிட்டமால் போட்டுக் கஞ்சி குடித்தேன், நான்காம் நாள் விட்டுவிட்டது. டெங்கு இல்லை. இப்போது ஆறு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து வீட்டைத் துடைத்தால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எழுந்திருக்க முடியவில்லை. நின்றுகொண்டு பாடம் நடத்தினால் படபடப்பு. கரும்பலகையில் எழுத ஆரம்பித்த வாக்கியம் பாதியில் மறந்துபோகிறது. 'நாங்களெல்லாம் காய்ச்சலோடு நாற்று நட்டவர்கள்' என்கிறார் மாமியார். டெஸ்ட் எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். நகல் இணைத்திருக்கிறேன். எனக்கு என்னதான் ஆயிற்று?"
- மன்னார்குடி வாசகி

முதலில் அந்த நகலைப் பார்த்துவிடுவோம். எல்லாம் நார்மல் இல்லையே அம்மா! இரண்டாவது வரியில் ஹீமோகுளோபின் 10.4 என்று இருக்கிறது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பத்தையும் பத்தரையையும் தினம் தினம் பார்க்கிற கண்ணுக்கு அது நார்மலாகத்தான் தெரியும். டாக்டரிடம் கேட்டு இரும்புச்சத்து மாத்திரையைத் தொடங்குங்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் விழுங்கிப் பயனில்லை. சர்க்கரை சரியாக இருக்கிறது. தைராய்டு பார்க்கவில்லை போலிருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. ரத்தசோகை உள்ளவருக்கு வேலை செய்யும்போதே மூச்சு வாங்கும், உட்கார்ந்துவிடுவார். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ ஓடிவிடுகிறது, திங்கட்கிழமைதான் விழுகிறீர்கள். உழைத்த மறுநாள் ஆளை அடித்துப்போடுகிற களைப்பு, நின்றால் படபடப்பு, வார்த்தை மறப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் வைரஸ் காய்ச்சலின் பின்விளைவு என்றுதான் முதலில் நினைப்பேன். கொரோனாவுக்குப் பிறகு இது பெரிதாகப் பேசப்பட்டது. கொரோனா காய்ச்சல் தொடங்கி மூன்று மாதம் ஆன நிலையில், குறைந்தது இரண்டு மாதமாகத் தொடர்கிற, வேறு காரணம் சொல்ல முடியாத தொந்தரவு என்று 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதற்கு வரையறையே கொடுத்தது. ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் வீட்டில் படுத்து எழுந்தவர்களும் அதில் நிறையப் பேர். நீங்கள் அந்தக் கணக்குக்கு இன்னும் வரவில்லை, ஆறு வாரம்தான் ஆகிறது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வரும் மாதங்களில் மெல்ல மெல்லத் தேறிவிடுகிறார்கள்.

மாமியாருக்காக ஒன்று சொல்கிறேன். கொரோனாவுக்கு வெகு முன்பே ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரைச் சுற்றி 253 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ், ஒருவருக்கு ராஸ் ரிவர் வைரஸ், இன்னொருவருக்குக் கியூ காய்ச்சல் என்று கிருமி வெவ்வேறு. ஆறு மாதம் கழித்தும் 12 சதவீதம் பேருக்குக் களைப்பு, உடல்வலி, மறதி தீரவில்லை, அதுவும் மூன்று கிருமிக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான் கொஞ்சம் துப்புக் கொடுத்தது. ஆளின் மனக்குணத்தை வைத்து யாருக்கு வரும் என்று சொல்லவே முடியவில்லை. சோம்பேறிக்குத்தான் வரும் என்று இல்லை. காய்ச்சலோடு நாற்று நட்டவர்கள் மறுநாள் எழுந்தார்களா என்று அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைக்கவுமில்லை!

படபடப்பை வீட்டிலேயே சோதிக்கலாம். 2021-இல் வாங்கி, அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்து பேட்டரி மாற்றுங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, நடக்காமல் பேசாமல், பத்து நிமிடம் நின்றபடி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் யாராவது இருக்கட்டும், கண் இருட்டினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். படுத்திருந்தபோது இருந்ததைவிடத் துடிப்பு 30-க்கு மேல் கூடி, இறங்காமல் நின்றால் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். "படபடப்பாக வருகிறது" என்று வாயால் சொல்வதற்கும் எண்களைக் காட்டுவதற்கும் கிடைக்கிற மரியாதையே வேறு. ரத்தசோகையும் துடிப்பை ஏற்றும் என்பதால், அதைச் சரிசெய்த பிறகு மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

"நன்றாக நட, வேலை செய், தெம்பு தானாக வரும்" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மறுநாள் விழுகிறவருக்கு அந்த யோசனை கெடுதல். எவ்வளவு செய்தால் மறுநாள் சாதாரணமாக எழுந்திருக்க முடிகிறதோ, இப்போதைக்கு அதுதான் உங்கள் அளவு. துணி ஒரு நாள், துடைப்பது வேறொரு நாள். காய் நறுக்குவதை ஸ்டூலில் உட்கார்ந்து செய்யுங்கள். வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நடத்துங்கள், தலைமை ஆசிரியர் கேட்டால் டாக்டர் சீட்டைக் காட்டுங்கள். உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கிற நாளில்தான் எச்சரிக்கை வேண்டும். அன்றைக்குத்தான் நின்றுபோன வேலையெல்லாம் நினைவுக்கு வரும், அத்தனையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வீர்கள், அப்புறம் மூன்று நாள் படுக்கை. இரண்டு வாரம் தொந்தரவில்லாமல் போனால் ஒரு சிறிய வேலையைக் கூட்டுங்கள். போகிக்கு ஒட்டடை அடிப்பதை இந்த வருஷம் வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

"ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், 61 வயது. சளிக்காய்ச்சல் போய் ஐந்து வாரமாக வறட்டு இருமல். படுத்தால் அதிகம். மூன்று விதமான சிரப், இரண்டு முறை ஆன்டிபயாடிக், எதற்கும் அடங்கவில்லை. அதிமதுரத்தை எந்நேரமும் வாயில் அடக்கிக்கொள்கிறேன். பி.பி.க்கு ராமிப்ரில் என்ற மாத்திரையைத் தீபாவளிக்கு முன்புதான் ஆரம்பித்தார்கள்."
- திண்டுக்கல் வாசகர்

ஐயா, கடைசி இரண்டு வரியை நீங்கள் எழுதியது ரொம்ப நல்லதாயிற்று.

வைரஸ் வந்துபோன பிறகு மூச்சுக்குழாயின் உள்தோல் புண்பட்டிருக்கும். அது ஆறும் வரை குளிர்காற்று பட்டாலும் இருமல், சிரித்தாலும் இருமல், தாளிப்பு நெடிக்கும் இருமல். இப்படி மூன்றிலிருந்து எட்டு வாரம் இழுப்பது சகஜம். கிருமியே இல்லாத இருமலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் நம் நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் வேறு பேச்சே கிடையாது. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, சளியில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அது இல்லை என்றானால் என் சந்தேகம் ராமிப்ரில் மேல்தான். அந்தக் குடும்பத்து மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். சளிக்காய்ச்சலும் அதே சமயத்தில் வந்ததால் பழி முழுவதும் காய்ச்சல் மேல் விழுந்துவிட்டது. நீங்களாக நிறுத்தாதீர்கள், பி.பி. ஏறிவிடும். எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போய்ச் சொல்லுங்கள், மாற்று மாத்திரை இருக்கிறது. மாற்றிய பிறகும் இருமல் அடங்கச் சில வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம்.

அதிமதுரத்தை இன்றைக்கே துப்பிவிடுங்கள்! தொண்டைக்கு இதம்தான், மறுக்கவில்லை. நாள் முழுவதும் சுவைத்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஒரு பக்கம் பி.பி. மாத்திரை, மறு பக்கம் அதிமதுரம், நடுவில் உங்கள் இதயம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது போதும்.

"வீட்டில் சாம்பார் பொடி, ரசப்பொடி அரைத்து விற்கிறேன். வயது 52. நான்கு மாதம் முன்பு ஜலதோஷம் பிடித்து வாசனை போயிற்று. இப்போது பாதி திரும்பியிருக்கிறது, ஆனால் காபி கருகல் நாற்றம், வெங்காயம் வதக்கினால் குமட்டல். பெருங்காயம் தெரியவே இல்லை. தொழிலே இதுதான் டாக்டர்."
- காரைக்குடி வாசகி

காபி நாறுகிறது என்று நீங்கள் அழுகிற இடத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாசனை நரம்புகள் மறுபடி முளைத்து வரும்போது முதலில் தாறுமாறாகத்தான் இணைப்பு கிடைக்கும். காபி, வெங்காயம், பூண்டு, வறுத்த பொருள்கள் எல்லாம் நாறுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். ஒன்றுமே தெரியாமல் இருப்பதைவிட இது மேல்.

இதற்கு மாத்திரையைவிடப் பயிற்சிதான் நம்பகம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மலின் குழு 2009-இல் சொன்ன முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனைகள், காலையும் இரவும். நான்கும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. பன்னீர், சீவிய எலுமிச்சைத் தோல், நசுக்கிய கிராம்பு, பஞ்சில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பாட்டிலில் போட்டு, மூக்கருகே பிடித்து 20 விநாடி மெதுவாக முகருங்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எலுமிச்சை எப்படி மணக்கும் என்று மனத்தில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். நடுவில் சலித்துப்போய் விடுகிறவர்கள்தான் அதிகம். நான்கு மாதம் ஆகிவிட்டதால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஒருமுறை மூக்கின் உள்ளே பார்த்துவிடட்டும், சதை வளர்ச்சி இருந்தால் பயிற்சி பலிக்காது.

அதுவரை மல்லி வறுபடும் பதத்தை நிறத்தையும் சத்தத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சமையல் வாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்ற மருந்து கலந்து விடுகிறார்கள். அது இப்போது உங்களுக்குத் தெரியாது. கசிவைக் கண்டுபிடித்து அலறுகிற சிறு கருவி கடையில் கிடைக்கிறது, ஒன்று வாங்கித் தரைக்கு அருகே மாட்டுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். இரவில் ரெகுலேட்டரை மூடாமல் படுக்காதீர்கள்.

"தையல் தொழில், 47 வயது. இரண்டு மாதம் முன்பு சிக்குன்குனியா. காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது, கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் ஊசி போடுகிறார். போட்டால் பத்து நாள் பஞ்சாய்ப் பறக்கிறேன், அப்புறம் பழையபடி."
- திருப்பூர் வாசகர்

அந்த ஊசியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சொல்ல மறுத்தால் மறுபடி அங்கே போகாதீர்கள். இவ்வளவு வேகமாக வலியை எடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். அது தேவைப்படுகிற நோயாளிகள் உண்டு, ஆனால் அளவும் நாளும் தெரிந்து கொடுக்க வேண்டிய மருந்து. கண்டபடி போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். சிக்குன்குனியா நமக்குப் புதியதில்லை. 1964-இல் சென்னையில் பரவியது, நெடுங்காலம் ஓய்ந்திருந்து 2006-இல் நாட்டின் பல மாநிலங்களில் மறுபடி வந்தது. அப்போது வந்தவர்களிலும் சிலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நின்றது. காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து விரல்களை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். வலிமாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டாக்டர் சொன்ன நாளுக்கு மட்டும். மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருந்தால் மூட்டு நோய் நிபுணரிடம் போய்விடுங்கள். சிலருக்கு அது முடக்குவாதத்தின் ஆரம்பமாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு.

"அக்டோபர் கடைசியில் டெங்கு வந்தது. இப்போது சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. மூன்று எண்ணெய் மாற்றிவிட்டேன். வழுக்கை ஆகிவிடுமா?"
- நாகர்கோவில் கல்லூரி மாணவி

ஆகாது. கடும் காய்ச்சலில் நிறைய முடி ஒரே சமயத்தில் வளர்வதை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போனது உதிர இரண்டு மூன்று மாதம் ஆகும், அதனால்தான் காய்ச்சலை மறந்த பிறகு கொட்டுகிறது. அடியில் புது முடி முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். எண்ணெய்க் காசில் முட்டையும் சுண்டலும் வாங்கிச் சாப்பிடு. ஹீமோகுளோபின், தைராய்டு மட்டும் ஒருமுறை பார். வட்டமாகத் திட்டுத் திட்டாகக் கொட்டினால் அது வேறு விஷயம், தோல் மருத்துவரிடம் போ.

"வயது 23. காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, லேசாக வலிக்கவும் செய்கிறது. மாட்டுப்பொங்கல் அன்று வாலிபால் மேட்ச். நான்தான் கேப்டன்."
- தூத்துக்குடி வாசகர்

ஆடக்கூடாது தம்பி. வைரஸ் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அந்த நிலையில் ஓடி ஆடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து வரலாம். இன்றைக்கே ஈ.சி.ஜி. எடு. டாக்டர் சொன்னால் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எக்கோ என்ற இதய ஸ்கேனும். எல்லாம் சரியாக இருந்து, வலியும் போன பிறகு, நடையில் தொடங்கிப் படிப்படியாகத்தான் மைதானம். இந்தப் பொங்கலுக்குக் கேப்டன் வெளியே உட்கார்ந்து விசில் அடிக்கட்டும்.

இனி ஒரு வரிக் கேள்விகள்.

குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வருமா? (விருதுநகர்)
அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்து டீஸ்பூன். வாயால் சாப்பிட முடிகிறவருக்கு எதற்கு ஊசிக் குத்து?

காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகியும் நிலவேம்பு குடிக்கிறேன், தொடரலாமா? (திருவாரூர்)
நிறுத்துங்கள். காய்ச்சல் போன பிறகு அது உங்கள் பசியைத்தான் கெடுக்கும்.

தலைக்குக் குளித்தால் காய்ச்சல் திரும்புமா? (அரியலூர்)
திரும்பாது. களைப்பாக இருந்தால் உட்கார்ந்து குளியுங்கள்.

அம்மாவுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முந்தாநாள் பாதம் மரத்தது, இன்று முழங்கால் வரை வலுவில்லை, எழுந்து நிற்க முடியவில்லை. சத்துக் குறைவா? (அறந்தாங்கி)
இந்த மின்னஞ்சலைப் பார்த்த உடனே இதழ் அலுவலகத்திலிருந்து அதிலிருந்த எண்ணுக்குப் பேசி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். தொற்று வந்துபோன சில வாரத்தில் காலில் தொடங்கி மேலே ஏறுகிற பலவீனம் கிலன்-பாரே என்ற நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். மூச்சு விடும் தசை வரை போனால் வென்டிலேட்டர் தேவைப்படும். சீக்கிரம் போனால் நல்ல சிகிச்சை உண்டு. டானிக் வாங்கப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.